பின்னால் வந்த கரிசல்

"நேத்து வரைக்கும் இங்க கம்பங்காடு இல்லீங்களே" என்று பால்காரர் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றியபடி யாரிடமோ சொன்னது, கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டு நின்ற என் காதில் விழுந்தது. பதில் சொன்னவரின் குரலில் பெரிய ஆச்சரியம் ஒன்றுமில்லை. "வெடியால வந்திருக்கும், நாம அசந்திருப்போம்" என்றார். பிறகு இருவரும் அன்றைய பால் தண்ணியாக இருப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் வாயைக் கொப்பளித்துவிட்டு வேலியோரம் போய் எட்டிப் பார்த்தேன். காங்கேயம் பக்கத்தில் மண் சிவப்பு. அந்தச் சிவப்புக்கு நடுவே கிளுவை வேலி கட்டி, மாடு மேய்வதற்கென்றே விட்டு வைத்திருக்கும் புல்காட்டைக் கொறங்காடு என்பார்கள். பக்கத்துத் தோட்டத்து ராக்கியப்பனுடைய கொறங்காட்டில், வேலியின் ஒரு முள்கூட முறியாமல், புல்லின் மேல் விரித்த கறுப்புக் கம்பளி மாதிரி ஒரு குறுக்கம் கரிசல் படுத்துக் கிடந்தது. குறுக்கம் என்றால் தெற்கே ஏறக்குறைய ஓர் ஏக்கர். அதில் முழங்கால் உயரத்துக்குக் கம்பு நின்றது. நடுவில் மயிலை விரட்டுவதற்காக நட்ட வைக்கோல் பொம்மை, என் கணவர் சுடலையின் பழைய கல்லூரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கைகளை விரித்தபடி நின்றது. அந்தச் சட்டைக்கு இரண்டாவது பொத்தான் கிடையாது. அதைத் தைத்துத் தராமல் நாள் கடத்தியவள் நான்தான்.

ஓடிப்போய் அவரை எழுப்பினேன். "ஏங்க, கெங்கம்மா நிலம் வந்துருக்கு."

அவர் கண்ணைத் திறக்காமலே, "தனியாவா?" என்று கேட்டார்.

நாங்கள் கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறோம். இயற்கை விவசாயம் செய்கிறவர்களின் தோட்டங்களில் தங்கி, அரைநாள் வேலை செய்து, மூன்று வேளைச் சாப்பாடும் படுக்க இடமும் பெற்றுக்கொண்டு, பதினைந்து நாளானதும் அடுத்த தோட்டத்துக்குப் பை தூக்குகிறவர்கள். இந்த வேலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, அகலத் தொப்பி வாங்கிக்கொண்டு வருகிறவர்கள், சேற்றில் முதல் முதலாகக் கால் வைக்கும்போது கூச்சலிட்டுச் சிரித்துப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள். எங்கள் இருவர் வீட்டிலும் சேறு என்பது அப்பா அம்மா சாயங்காலம் காலிலிருந்து சுரண்டி எடுத்த பொருள். தென்காசிப் பக்கத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் ஒரு சாண் வயல் கிடையாது, எல்லோரும் அடுத்தவர் வயலில் நட்டு, அடுத்தவர் வயலில் அறுத்தவர்கள். என் அம்மாவின் அப்பா ஒரு வீட்டில் பண்ணையாளாக இருந்து, அந்த வீட்டு மாட்டுத் தொழுவத்திலேயே கண்ணை மூடியவர். அதைப் பார்த்த பிறகு இனி எவன் வயலிலும் இறங்கமாட்டேன் என்று அம்மா பீடித் தட்டை மடியில் தூக்கி வைத்தவள்தான், நான் தாவரவியல் பட்டம் வாங்குகிற வரைக்கும் கீழே இறக்கவில்லை.

நாங்கள் கிளம்புகிற அன்று அம்மா சொன்னாள்: "கூலி குடுத்தாலும் செய்யமாட்டேன்னு நான் ஓடிவந்த வேலைய, நீ கூலி இல்லாமச் செய்யப் போறியாட்டி? இதுக்காட்டி உன்னப் படிக்க வச்சேன்?"

எனக்குப் பதில் சொல்ல வராது. மூன்று வருடக் கல்லூரியில் ஒரு சந்தேகம்கூட எழுந்து கேட்காதவள் நான். நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் தண்ணீர் வேண்டும் என்று கேட்பதற்குக்கூட சுடலையின் முழங்கையை இடிப்பவள். ஆனால் வயலில் இறங்கி, குனிந்து, சுற்றிலும் பயிரைத் தவிர வேறு யாரும் இல்லை என்று ஆகிவிட்டால் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும். கெங்கம்மாளின் கம்புக்குக் களை எடுத்த பதினைந்து நாளும் நான் பேசிக்கொண்டேதான் இருந்தேன், படித்ததையும், பார்த்ததையும், அம்மாவுக்குச் சொல்லாமல் விட்ட பதில்களையும்.

அந்தக் கெங்கம்மாளைப் பற்றிச் சொல்லவேண்டும். விளாத்திகுளத்துக்கு மேற்கே ஒரு கரிசல்காட்டு ஊர். ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். பொம்பளைக்கு எதற்குப் பங்கு என்ற மூன்று அண்ணன்மாரோடும் மல்லுக்கட்டி, கோர்ட்டுப் படி ஏறி, அந்த ஒரு குறுக்கத்தைப் பிடுங்கி எடுத்தவர். உரம் மருந்து எதுவும் போடமாட்டார். அதைக் கொள்கை என்று நாங்கள் சொன்னபோது, "கொள்கையாவது ஒண்ணாவது, கண்டதையும் திங்கக் குடுத்தா வயித்தால போகும்" என்றார். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர்கள் கடைசி நாளன்று அந்த வரப்பிலேயே கால் கழுவி, மண்ணை மண்ணோடு விட்டுவிட்டுத்தான் போகவேண்டும், யார் மண்ணும் யார் பின்னாடியும் போகக் கூடாது. நாங்கள் கிளம்பிய அன்று கெங்கம்மாள் வரப்பில் ஒரு குடம் தண்ணீர் வைத்துவிட்டு ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிருந்தார். அந்தக் குடத்தை அவர் எவ்வளவு தூரத்திலிருந்து சுமந்து வந்திருப்பார் என்று எங்களுக்குத் தெரியும். ஒரு சொட்டையும் வீணாக்கக் கூடாது என்பது தோட்டம் தோட்டமாக நாங்கள் கற்ற முதல் பாடம். ஆகவே குடத்துத் தண்ணீரை எலுமிச்சைக் கன்றுக்கு ஊற்றிவிட்டு, காலைப் புல்லில் துடைத்துக்கொண்டு, நல்ல காரியம் செய்த நிறைவோடு பஸ் ஏறிவிட்டோம்.

நிலம் வந்துவிட்டது.

நாங்கள் தங்கியிருந்த தோட்டம் பூங்கொடி அக்காவுடையது. அவர் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வடக்கே இருப்பார். அக்கா முருங்கையும் நிலக்கடலையும் வைத்திருந்தார். செய்தி கேட்டதும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, நிலத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல சாதிக் கம்பு. ஏன் கண்ணு, கூட வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நம்ம தோட்டத்துலயே எடம் ஒதுக்கியிருப்பனல்லோ" என்றார்.

ராக்கியப்பன் மத்தியானத்துக்கு மேல் வந்தார். கோபமாகத்தான் வருவார் என்று நினைத்து நான் முருங்கை மரத்துக்குப் பின்னால் போய்விட்டேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறிவிட்டு, சுடலையைப் பார்த்துச் சொன்னார்: "ஏனுங் தம்பி, இருக்கட்டும், வந்தது வந்திருச்சு. ஆனா உங்க வயலக் கொஞ்சம் தெக்கால தள்ளிப் படுக்கச் சொல்லுங். எருமை தண்ணிக்குப் போற தடத்த மறிச்சுக் கெடக்குது."

சுடலை என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். மறுநாள் காலையில் அது தெற்கே தள்ளிப் படுத்திருந்தது. எருமைகள் தங்கள் தடத்தில் தண்ணிக்குப் போயின.

அதன் பிறகு ஊர் அதைப் பழகிக்கொண்டது. புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகளைப் பழகுவதுபோல முதலில் தூரத்திலிருந்து பார்த்தார்கள், அப்புறம் பக்கத்தில் வந்து தொட்டுப் பார்த்தார்கள், அப்புறம் குறை சொன்னார்கள், அதற்கப்புறம் வேறு யாராவது குறை சொன்னால் சண்டைக்குப் போனார்கள். செம்மண்ணையே பார்த்துப் பிறந்தவர்கள் ஒரு பிடிக் கரிசலை எடுத்து உள்ளங்கையில் உருட்டி, மாவு மாதிரி இருக்கிறது என்றும், மை மாதிரி இருக்கிறது என்றும், ஈரமானால் செருப்பைப் பிடுங்கிக்கொண்டு தரமாட்டேன் என்கிறது என்றும் பேசிக்கொண்டார்கள். கிராம நிர்வாக அலுவலர் சங்கிலியோடு வந்து நான்கு பக்கமும் அளந்துவிட்டு, அளவு சரியாக இருப்பதாகவும், ஆனால் இந்த சர்வே நம்பருக்கு இந்த மாவட்டத்தில் நிலம் இல்லை என்பதால் தான் எதையும் பார்க்கவில்லை என்றும் சொல்லி, மோர் குடித்துவிட்டுப் போனார். டவுன் பஸ் கண்டக்டர் கொறங்காட்டு முக்கில், "கறுப்பு வயல் எறங்கு" என்று குரல் கொடுக்கத் தொடங்கினார். காய்ச்சல் கண்ட எருமையை அந்தக் கரிசலில் புரளவிட்டால் காய்ச்சல் இறங்கும் என்று யாரோ கிளப்பிவிட, இரண்டு நாளைக்கு எருமைகளைக் காவல் காப்பதே எங்களுக்கு வேலையாகிவிட்டது.

மழைதான் எல்லோருக்கும் பிடித்தது. அது கார்த்திகை. காங்கேயம் பக்கம் வானம் துடைத்துப் போட்ட மாதிரி இருந்தது. ஆனால் அந்த நிலம் தன் ஊர் மழையை விடவில்லை. தெற்கே கரிசல்காட்டில் மழை பெய்கிற நாளில், அந்த ஒரு குறுக்கத்தின் மேல் மட்டும், நான்கு வரப்புக்குள், கோடு போட்ட மாதிரி பெய்தது. வரப்புக்கு இந்தப் பக்கம் வெயிலில் கடலை காய, அந்தப் பக்கம் கம்புத் தோகை நனைந்தது. மழை வருகிறது என்று பொம்மையின் சட்டை இருள்வதை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள், உடனே தெருவே குடங்களோடு ஓடிவரும். பெண்கள் குடத்தை வரப்புக்குள் தள்ளி வைத்துவிட்டு வெயிலில் நின்றபடி பேசிக்கொண்டிருப்பார்கள். பூங்கொடி அக்கா ஒரு நாள் துவைத்த துணியை எடுத்து அலசவே போய்விட்டார்.

சண்டை ஒன்றே ஒன்றுதான் வந்தது. நிலம் எங்கள் இருவரில் யார் பின்னால் வந்தது என்பது. ஆண்கள் எல்லோரும் சுடலை பின்னால்தான் என்றார்கள். சட்டை அவருடையது, பை தூக்குகிறவர் அவர், பேசுகிறவரும் அவர்தானே. "பொம்பளப் புள்ள பொறகால நெலம் வருமுங்களா? நகை வேணா வரும்" என்றார் பால்காரர். பூங்கொடி அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அப்ப பாத்துருவோம்" என்றார்.

முதலில் சுடலையைத் தாராபுரத்துக்கு அனுப்பினார்கள். அவர் அங்கே ஒரு நண்பர் வீட்டில் இருந்துவிட்டு மறுநாள் பத்து மணிக்கு வந்து இறங்கினார். நிலம் எருமைத் தடத்துக்குத் தெற்கே படுத்த இடத்தில் அப்படியே கிடந்தது. அடுத்தது நான். தனியாகப் பஸ்ஸில் போய் எனக்குப் பழக்கமில்லை. வெள்ளகோயிலில் பூங்கொடி அக்காவின் தங்கை வீடு. கண்டக்டர், "டிக்கெட் ஒண்ணா, நெலத்துக்கும் சேத்தா?" என்று கேட்க, பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

காலையில் அந்தத் தங்கை வந்து என்னை உலுக்கினார். "சந்தைப்பேட்டைக்குப் பின்னால வந்து படுத்துக் கெடக்குது. உம்பட பேர விசாரிச்சுட்டு ஆளுக நிக்கறாங்க." நான் செருப்புப் போடாமல் ஓடினேன். ஆட்டுச் சந்தைக்குப் பின்னால், கம்புத் தோகையில் பனி அப்படியே இருக்க, பொம்மை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க, பயணக் களைப்போடு அது கிடந்தது. நான் வரப்பில் உட்கார்ந்து அதன் மேல் கையை வைத்தேன். என் தெருவில், என் அம்மா வழியிலும் அப்பா வழியிலும், யாருடைய காலடியையும் ஒரு நிலம் அடையாளம் வைத்துக்கொண்டதில்லை. அன்று சந்தைக்கு வந்த அத்தனை பேரும் பார்க்க, நான் தலையைக் குனியாமல் உட்கார்ந்திருந்தேன்.

நான் ஊருக்குத் திரும்ப, மறுநாள் நிலமும் பின்னாலேயே வந்து பழைய இடத்தில் படுத்துக்கொண்டதும், சுடலைதான் என்னைவிடத் துள்ளிக் குதித்தார். டீக்கடையில், பால் சொசைட்டியில், பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடம்கூட, "என் வீட்டுக்காரி பின்னாடி வந்த நிலம்யா அது, எனக்காக ஒரு அடி நகரல" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் வெகுநேரம் பீடி இலை வெட்டும் கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"கரிசலா?" என்றாள்.

"ஆமாம்மா."

"எத்தன குறுக்கம்?"

"ஒண்ணு."

"வேத்தூர் போயிருக்கு, ஏங்கிப் போவும். பக்கத்துலயே இருட்டி. பேச்சுக் குடுத்துக்கிட்டே இரு."

அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் தெரு முழுவதற்கும் தெரிந்துவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். பீடிக் கடைக்காரர் அம்மாவுக்கு நாற்காலி போட்டாராம்.

கெங்கம்மாளுக்குச் செய்தி சொல்ல நாங்கள் தயங்கியதென்னவோ உண்மை. ஆனாலும் நிலம் வந்த மறுநாளே சுடலை போன் செய்துவிட்டார். நான் பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, உங்க நிலம் இங்க வந்துருக்கு."

"அங்கதான் இருக்கா? நான் இங்க கண்மாய்க்கரையெல்லாம் தேடிக்கிட்டுக் கெடக்கேன்." மூச்சு விட்டார். "நல்லாருக்கா?"

"நல்லாருக்கும்மா."

"ஆட்ட விட்டுட்டு இப்ப வர முடியாது. குட்டி போட்டதும் வாரேன். வந்து பேசிக்கிடுதேன். எம் மண்ண எவன் வச்சிருந்தாலும் விடமாட்டேன், பாத்துக்க."

அவர் வந்து இறங்கியது மார்கழிக் கடைசியில். பதினைந்து நாள் என்று வந்தவர்கள் அதுவரைக்கும் அங்கேயே இருந்தோம். கம்பு என் தலைக்கு மேல் வளர்ந்து கதிர் முற்றியிருந்தது. கெங்கம்மாள் பஸ்ஸிலிருந்து இறங்கி, யாரையும் பார்க்காமல் நேராக வரப்புக்குப் போய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏன்? உனக்கு என்ன கொறை வச்சேன் நானு?" என்று நிலத்திடம் கேட்டார். "மூணு அண்ணன்மாரப் பகைச்சு உன்னயக் கூட்டியாந்தேன். ஒரு நா உன்னயத் தரிசா விட்டிருப்பனா? போயிட்ட. எனக்கு ஊருக்குள்ள மொகம் இருக்கா? நீ எந்திரிச்சுப் போன எடத்துல, பஸ்ஸுல மூணு பேரு சீட்டுல ஒருத்தன் எறங்குனா மத்த ரெண்டு பேரும் காலப் பரப்பிக்கிடுவான்ல, அந்த மாதிரி ரெண்டு பக்கத்துலயும் உள்ள எங்கண்ணன்மாரு காடு ரெண்டும் நெருங்கி ஒக்காந்துக்கிருச்சு. உனக்கு ஒரு நெலம் இருந்துச்சான்னு கேட்டுச் சிரிக்காக."

கம்பு அசைந்தது. காற்று இருந்தது.

அவர் எங்களிடம் திரும்பினார். "கால் கழுவுனீகளா, இல்லையா?"

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். குடத்துத் தண்ணீரை எலுமிச்சைக்கு ஊற்றியதைச் சுடலை சொன்னார். கெங்கம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "படிச்சவுக!" என்றார்.

உடனே அங்கேயே ஒரு குடம் தண்ணீர் வந்தது. ஊர் சுற்றி நிற்க, நான் வரப்பில் நின்று கால் கழுவினேன், கணுக்கால், குதிகால், விரல் இடுக்கு என்று கெங்கம்மாள் சொல்லச் சொல்ல. நிலம் அந்தத் தண்ணீரையும் குடித்துவிட்டுச் சும்மா கிடந்தது. மறுநாள் அவர் வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்து வைத்துக்கொண்டு, மேய்ச்சலிலிருந்து மாட்டைப் பத்துகிற மாதிரி நிலத்துக்குப் பின்னால் நின்று, "ஹை, ஹை, நட" என்றார். யாரும் சிரிக்கவில்லை. ராக்கியப்பன்கூட முன்னால் நின்று கைகாட்டி உதவிப் பார்த்தார். நிலம் எழவில்லை. கெங்கம்மாள் குச்சியைப் போட்டுவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பச் சரி. நாலு பேரக் கூட்டுங்க" என்றார்.

பால் சொசைட்டி முற்றத்தில் கூடினார்கள். ராக்கியப்பன்தான் பேச்சை எடுத்தார். நல்ல மனிதர், யாருக்கும் நட்டம் வரக்கூடாது என்று யோசித்து யோசித்துப் பேசினார்.

"நெலம் அந்தம்மாளுது. அதுல பேச்சே இல்லீங். ஆனா அது போறது இந்தப் புள்ள பொறகால. அப்ப, புள்ளயும் மாப்பளையும் அந்தம்மா ஊருக்கே போயி, அங்கயே இருந்துட்டாங்கன்னா, நெலமும் அங்கயே கெடக்குமல்லங்? அந்தம்மாளுக்கும் வயசாவுது. பண்ணையத்துக்கு ஆளும் ஆச்சு. குடியிருக்க ஒரு சாளை போட்டுக் குடுத்துட்டா இதுகளும் ஊர் ஊரா அலையவேண்டாம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். எவ்வளவு நியாயமான பேச்சு. பூங்கொடி அக்காகூட, "நல்லாத்தானுங் சொல்றீங்க" என்றார். கெங்கம்மாள் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அதட்டல் இல்லை, ஆசை இருந்தது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சுடலை வாயைத் திறக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். நான் அவர் முழங்கையை இடிக்கவில்லை.

எழுந்தேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவதுபோலக் கேட்டது.

"எங்க தாத்தா ஒரு வீட்டுல ஆளா இருந்தாரு. அந்த வீட்டு வயலும் அவரு சொன்னபடிதான் கேக்கும்னு சொல்வாங்க. அதனாலயே அவர வெளிய விடல. நான் போகமாட்டேன்."

கெங்கம்மாள் பக்கம் கையைக் காட்டினேன்.

"நிலத்த நான் பிடிச்சு வைக்கல. அம்மா எப்ப வேணும்னாலும் கூட்டிட்டுப் போகட்டும். எனக்கு அது மேல ஆசை இல்லைன்னு சொன்னாப் பொய். ராத்திரி பகலா ஆசைதான். ஆனா அதுக்காக என்னக் கட்டிப் போட்டு அத நிறுத்தாதீங்க. நான் அதுல வேலை செஞ்சது, யாரும் சொல்லி இல்ல. எனக்குப் பிடிச்சு இறங்கினேன். பிடிச்சு இறங்கினவளா, கட்டிப் போட்டவளான்னு அதுக்குத் தெரியும். அதான் வந்துச்சு. என்னக் கட்டிப் போட்டா அது அங்கயும் நிக்காது."

உட்கார்ந்துவிட்டேன். பால்காரர் தொண்டையைக் கனைத்தார். ராக்கியப்பன் தலைத்துண்டை மடியில் வைத்து மடித்து மடித்துச் சின்னதாக்கினார். "நான் அந்த அர்த்தத்துல சொல்லலீங் அம்முணி" என்றார் மெதுவாக. சுடலை என் கையைப் பிடிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். கல்லூரி மேடையில் பரிசு வாங்குகிறவர்களைப் பெற்றவர்கள் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

கெங்கம்மாள் எழுந்தார். "தீர்ப்பு ஒண்ணும் வேண்டாம்" என்றார். "கதிர் முத்திப் போச்சு. மொதல்ல அறுப்போம்."

மூவரும் அறுத்தோம். முதல் நாள் முழுவதும் கெங்கம்மாள் எனக்கு நான்கு வரிசை முன்னால் போய்க்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் என் வரிசைக்குப் பக்கத்து வரிசையைப் பிடித்தார். நான் வழக்கம்போல, அவர் இருப்பதை மறந்து, பயிரோடு ஏதோ பேசத் தொடங்கியிருக்கிறேன், கம்பின் பூவில் முதலில் சூல்முடிதான் வெளியே வரும், மகரந்தம் அப்புறம்தான் என்று. அவர் அரிவாளை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்ததை நான் பிறகுதான் பார்த்தேன்.

"நான் இத முப்பது வருசமா ஏசிக்கிட்டேதான் உழுதேன்" என்றார். "அண்ணன்மார ஏசுறத எல்லாம் இதத்தான் ஏசுனேன்." அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் குனிந்துகொண்டார்.

கதிரைத் தட்டிப் புடைத்து மூட்டை கட்டியதும், தாளவாடி மலையில் அடுத்த தோட்டத்திலிருந்து எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். போகவேண்டிய நாளும் குறித்தாயிற்று. போனால் நிலமும் பின்னால் வரும். எல்லோருக்கும் அது தெரிந்தே இருந்தது, யாரும் சொல்லவில்லை. கெங்கம்மாளிடம் நானே போய்ச் சொன்னேன், சுடலையை அனுப்பாமல். அவர் முற்றத்தில் மூட்டைக்குக் கோணி தைத்துக்கொண்டிருந்தார். "நாளைக்குக் காலைலயா?" என்றார். "ஆமாம்மா" என்றேன். ஊசியை வாயில் கவ்விக்கொண்டு அடுத்த கோணியை எடுத்தார்.

காலையில் பையோடு கறுப்பு வயல் ஸ்டாப்பில் நின்றோம். ஊரே வந்திருந்தது. பூங்கொடி அக்கா கடலை உருண்டை கட்டித் தந்தார். நிலத்தின் மழை இனிமேல் மலைக்காரர்களுக்குத்தானா என்று பெண்கள் அங்கலாய்த்தார்கள். கெங்கம்மாளை மட்டும் காணவில்லை. அவர் விடியும் முன்பே பஸ் ஏறிவிட்டதாகப் பால்காரர் சொன்னார். "தாராபுரமுங். வக்கீலப் பாக்கவோ என்னமோ. மொகம் சரியில்லீங்." ராக்கியப்பன் எங்கள் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார். கோர்ட்டுப் படி கெங்கம்மாளுக்குப் புதிதல்ல என்பது எங்களுக்குத் தெரியும். அரிதாள் மட்டும் நிற்கும் நிலம் எங்களுக்குப் பின்னால் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. நான் சுடலையிடம், "அவங்க கேஸ் போட்டா, அவங்க பக்கம்தான் நான் சாட்சி சொல்வேன்" என்றேன். "நானும்தான்" என்றார் அவர்.

எங்கள் பஸ் வருவதற்கு முன்பே, எதிர்த்திசையில், தாராபுரம் பஸ் வந்து நின்றது. கெங்கம்மாள் இறங்கினார். ஒரு கையில் சுருட்டிய புதுக் கோரைப்பாய், மறு கையில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, தலையில் சும்மாட்டின் மேல் ஒரு எவர்சில்வர் குண்டான். ரோட்டைக் கடந்தார். எங்களைப் பார்த்து, "மலையில குளிருமாமே, நெசமா?" என்று கேட்டார். சுடலை ஆமாம் என்றார். கெங்கம்மாள் செருப்பைக் கழற்றி வரப்பில் ஜோடியாக வைத்தார், அரிதாளை மிதித்துக்கொண்டு நிலத்தின் நடுவுக்குப் போனார், குண்டானை இறக்கினார், பாயை உதறி விரித்தார், மலை இருக்கிற மேற்கே பார்த்துக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.